ஒரே கணக்கில் யார் யார்?



ஆயுள் காப்பீடு, உடல் முடக்கக் காப்பீடு ஆகியவற்றின் கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். "சாதி ஒழிப்புக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன தோழர் சம்பந்தம்?" என்று கேட்கிறார்கள். அதற்கான பதில்தான் இந்தப் பேச்சு.

காப்பீட்டின் அடிப்படை எளிது. ஆயிரம் பேர் பணம் போடுகிறோம். அந்த ஆண்டில் இரண்டு பேர் இறந்தால், அந்த இரண்டு குடும்பங்களுக்கும் பொதுப் பணத்திலிருந்து தருகிறோம். யார் இறப்பார் என்று தெரியாது. ஏறக்குறைய எத்தனை பேர் என்பதை இறப்பு அட்டவணை சொல்லும். முடக்கக் காப்பீட்டுக்கு மூன்று கட்டங்கள் வரைவோம்: நலம், முடக்கம், மரணம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்கள் எந்த வேகத்தில் நகர்கிறார்கள் என்று பார்த்துப் பிரீமியம் வைப்போம். ஆனால் அந்த ஆயிரம் பேரில் யாரைச் சேர்ப்பது என்று கணிதம் சொல்லாது. அதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

அமெரிக்காவில் புருடென்ஷியல் நிறுவனம் 1881இல் எடுத்த முடிவு இது: கறுப்பின மக்கள் அதே பிரீமியத்தைக் கட்ட வேண்டும், ஆனால் இறந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் கிடைக்கும். அந்த நிறுவனத்தின் புள்ளியியலாளர் பிரெடெரிக் ஹாஃப்மன் 1896இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். கறுப்பர்கள் சீக்கிரம் சாவதற்குக் காரணம் அவர்களுடைய இனத்தின் இயல்பு என்றார். அடிமைமுறை முடிந்து முப்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. குடியிருப்பு, கூலி, மருத்துவம் எதுவும் அவர் கணக்கில் காரணமாக வரவில்லை. அடுத்த ஆண்டே டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் அந்தப் புத்தகத்தை விமர்சித்து, புள்ளிவிவரத்தைக் கொண்டே மறுத்தார்.

இந்தியர்களுக்கும் இது புதிதல்ல. ஆங்கிலேய நிறுவனங்கள் இந்தியர்களிடம் கூடுதல் பிரீமியம் வாங்கின. 1870இல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல்தான் இந்திய உயிர்களுக்கும் சாதாரண விகிதம் போட்டது.

இன்று எந்தப் பாலிசி படிவத்திலும் சாதிக்கு விலை போடுவதில்லை. போடத் தேவையும் இல்லை. நிறுவனங்கள் பயன்படுத்தும் 2012-14 இறப்பு அட்டவணை, பாலிசி எடுத்தவர்களின் தரவிலிருந்து உருவானது. பாலிசி எடுக்க வழியில்லாத கூலித் தொழிலாளியின் சாவு அதில் ஏறவே ஏறாது.

இழப்பீட்டுக் கணக்கைப் பாருங்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், பின்னால் வந்த திருத்தங்களின்படி, நிரந்தரமாக முழுதும் முடங்கியவருக்கு மாதக் கூலியில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டியிருந்தது. 30 வயதுக்குக் காரணி 207.98. கூலி 15,000 ரூபாய் என்றால் 18,71,820 ரூபாய் வந்திருக்கும். 8,000 என்றால் 9,98,304. இருவருக்கும் அதே வயது, அதே முடக்கம். யாருக்கு எந்த வேலை, எந்தக் கூலி என்பதைச் சாதி முன்பே தீர்மானித்திருக்கிறது. சூத்திரம் அதைப் பெருக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

வேறு மாதிரியும் கணக்குப் போடலாம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம், நிரந்தரமாக முடங்கியவருக்குக் குறைந்தது 20 லட்சம் என்றது. அங்கே கூலியைப் பெருக்கிப் பார்க்கவில்லை. ஆனால் அது குழியில் இறங்கிய பிறகு வரும் பணம்.

அண்ணல் அம்பேத்கர் இதற்கு முன்பே யோசித்தார். 1947இல் வெளிவந்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் இரண்டு கோரிக்கைகள் வைத்தார்: காப்பீடு அரசின் தனியுரிமையாக வேண்டும், வயது வந்த ஒவ்வொரு குடிமக்களும் கூலிக்கேற்ற ஆயுள் பாலிசி எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். 1956இல் எல்ஐசி வந்தபோது முதல் கோரிக்கையில் பெரும்பகுதி நிறைவேறியது. இரண்டாவது இன்றுவரை நிறைவேறவில்லை.

கணிதம் படிப்பவளாகச் சொல்கிறேன், அந்தக் 'கட்டாயம்' என்ற சொல்தான் முக்கியம். விருப்பம் என்று விட்டால் பணம் இருப்பவர் மட்டும் சேருவார். நிறுவனமும் நலமானவரை மட்டும் பொறுக்கி எடுக்கும். எல்லோரும் உள்ளே இருந்தால் யாரையும் வெளியே தள்ள முடியாது. பிரீமியம் கட்ட முடியாதவருக்கு யார் கட்டுவது? வேலை வாங்குபவரும் அரசும்தான். ஊரும் சேரியும் ஒரே கணக்கில் நின்று, ஒருவர் சாவுக்கு மற்றவர் பொறுப்பேற்பதைச் சாதி ஒருபோதும் ஏற்காது. அதனால்தான் நாம் அதைக் கேட்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, இந்தப் படிப்புக்கு வாருங்கள். அட்டவணை போடும் அறையில் நாமும் உட்கார வேண்டும். எந்த அட்டவணை கையில் வந்தாலும் முதலில் கேளுங்கள்: இதில் யாரை எண்ணவில்லை?