நீதிமன்றத்தில் குழந்தையின் பக்கத்தில்

(அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

எத்தீம் பிள்ளைகளின் படிப்புக்கு, பெருநாள் துணிக்கு என்று கேட்டால் நம் ஜமாஅத்தில் கொடுக்காதவர் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இன்று நாங்கள் கேட்க வந்தது உங்கள் நேரத்தை.

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்காக 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. அதன் 2020-ஆம் ஆண்டு விதிகளில் 'ஆதரவு நபர்' என்றொரு பொறுப்பு உண்டு. குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால் குழந்தைகள் நலக் குழு இவரை நியமிக்கும். விசாரணை தொடங்கி வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணை இவர்தான். வக்கீல் அல்ல. சாட்சி சொல்லிக் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் வழக்கே கெட்டுப்போகும். அடுத்த வாய்தா என்றைக்கு, அங்கே யார் இருப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். காதில் விழுந்தது எதுவும் வெளியே போகக்கூடாது. அது அமானிதம்.

கொடுமை செய்தவர் வீட்டு ஆளாகவே இருந்தால் பிள்ளையைக் காப்பகத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ சேர்க்க நேரும். சொந்தங்களே சாட்சியை மாற்றச் சொல்லி நெருக்கும். அப்போது அந்தப் பிள்ளையோடு நீதிமன்ற வராந்தாவில் உட்கார யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறோம். "பொம்பளப் பிள்ளை விஷயம், பேசி முடிச்சிடுவோம்" என்கிறார்கள். (ஆண் பிள்ளைகளுக்கும் நடக்கிறது, அதை யாரும் வாய் திறப்பதில்லை.) இதில் சமரசம் செய்ய எந்த ஜமாஅத்துக்கும் அதிகாரமில்லை. தெரிந்தும் புகார் தராதிருந்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை உண்டு. மானம் போகுமே என்பவர்களுக்கு: குழந்தையின் பெயரைப் பத்திரிகையில் போட முடியாது, விசாரணை மூடிய அறையில், சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக்கூடாது.

2023-ல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து இப்பொறுப்புக்குத் தகுதி வகுக்கப்பட்டது. சமூகப்பணி, உளவியல் போன்றவற்றில் முதுகலை, அல்லது பட்டத்தோடு குழந்தைகள் துறையில் மூன்றாண்டு அனுபவம். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு நிக்காஹ்வுக்குப் பின் வீட்டோடு இருக்கும் பெண்மக்களும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

ஓராண்டுக்குள் வழக்கை முடிக்கச் சொல்கிறது சட்டம். ஆனால் இழுத்துக்கொண்டே போவதுமுண்டு. பாதியில் விடுகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளைக்கு அது இரண்டாவது முறை.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பும் விண்ணப்பத்தை எழுத நாங்கள் உதவுகிறோம். அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். தகுதிப் படிப்பு இல்லாதவர்கள், வாய்தா நாளில் குழந்தையையும் தாயையும் வண்டியில் அழைத்துப்போய் வர முடியுமா என்று சொல்லுங்கள். அவசரத்துக்கு 1098 எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்து கொடுங்கள்.