மாலை வைத்தியமும் மறுநாள் காலையும்



இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழ்பவர்களுக்குப் பகலும் இரவும் பஞ்சாங்கத்தின்படி அமைவதில்லை. காசிமேட்டு மீனவர் ஊர் உறங்கும் வேளையில் கடலுக்குப் புறப்படுகின்றனர். துறைமுகத்திலும் மணலித் தொழிற்சாலைகளிலும் இரவு ஷிப்டு உண்டு. அங்ஙனம் உழைப்பவனுக்குக் காய்ச்சல் கண்டால், காலையில் மட்டும் அமரும் மருத்துவரால் அவனுக்கு என்ன பயன்? ஒருநாள் கூலியை இழந்து ஸ்டான்லி மருத்துவமனையில் வரிசையில் நிற்க வேண்டும். அல்லது மருந்துக் கடையில் நோயைச் சொல்லி மாத்திரை வாங்க வேண்டும்.

இக்குறையை அரசு உணராமலில்லை. 2020 டிசம்பரில் மினி கிளினிக்குகள் தொடங்கப்பெற்றபோது, முதல் நாளிலேயே இராயபுரத்தில் ஒன்று திறக்கப்பட்டது. மருத்துவர் ஒருவர், செவிலியர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்பது ஏற்பாடு. 2022இன் தொடக்கத்தில் அத்திட்டம் முடிவுற்றது. பின்னர் 2023 ஜூனில், திட்டமிட்ட 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் 500 ஒரே நாளில் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று நேரம் வகுத்தனர். அந்த மாலை நான்கு மணி நேரம் உழைப்பாளிக்குக் கிடைத்த பெரும்பேறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும், கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா?

என் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு என் மனைவிக்குக் கடுங்காய்ச்சல். நெடுநேரம் திறந்திருக்கும் தனியார் கிளினிக் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். பலகையில் இருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்த மருத்துவர் வேறொருவர், இளைஞர், களைத்திருந்தார். வலி நீக்கும் மருந்துகளில் ஒரு வகை அவளுக்கு ஒவ்வாது. அதை எங்கள் குடும்ப வைத்தியர் நன்கறிவார். இவர் கேட்கவில்லை, பதற்றத்தில் நானும் சொல்லவில்லை. முப்பது ஆண்டு பிள்ளைகளுக்குக் கவனம் வேண்டுமென்று போதித்தவன் நான்! ஊசி போட்ட சிறிது நேரத்தில் உதடும் கண்ணிமையும் வீங்கின. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். விடிவதற்குள் தேறினாள்.

மறுவாரம் அந்த ஊசியின் பெயர் என்னவென்று கேட்கச் சென்றேன். பதிவேட்டைப் புரட்டிக் காட்டினர். "காய்ச்சல், உடல்வலி, ஊசி" என்று மட்டும் எழுதியிருந்தது. சுவரிலோ பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாகத் தொங்கியது.

மருத்துவ நிலையங்களை முறைப்படுத்த நம் மாநிலத்தில் 1997இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகள் 2018இல் வந்தன. இடம், கருவி, பணியாளர் தகுதி ஆகியவற்றை நோக்குவது அவசியமே. ஆனால் எங்கள் பள்ளியின் ஆண்டாய்வு என் நினைவுக்கு வருகிறது. பலர் வந்து பெஞ்சுகளை எண்ணினர். வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டனர். ஒருவர் மட்டும் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிழையான வரிகளின்மேலும் ஆசிரியர் சரி என்று கோடிட்டிருந்ததை அவர்தாம் கண்டார். அன்றுமுதல் நாங்கள் நோட்டுகளைப் படித்துத் திருத்தினோம்.

இங்கிலாந்தின் அனுபவமும் இதுவே. அங்கே 2004இல் வந்த ஒப்பந்தத்தால், குடும்ப மருத்துவர்கள் இரவு, வார விடுமுறைப் பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிட இயன்றது. நோயாளிக்கு இரவில் செய்த சிகிச்சையின் விவரம் அடுத்த வேலைநாள் காலை 8 மணிக்குள் அவருடைய சொந்த மருத்துவரைச் சேர வேண்டும் என்றிருந்தது. ஒவ்வொரு மருத்துவரின் குறிப்புகளிலும் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து ஆராய வேண்டும் என்று 2005இல் விதித்தனர். அருமையான விதிகள். எனினும் 2008இல், ஜெர்மனியிலிருந்து வார இறுதிப் பணிக்கு வந்த மருத்துவர் ஒருவர் வலிமருந்தைப் பன்மடங்கு மிகுதியாகச் செலுத்த, முதியவர் ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய சேவைகளை உள்ளூர் அமைப்புகள் இன்னும் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும் என்று பின்னர் கண்காணிப்பு ஆணையம் கூறியது. விதி ஏட்டில் இருந்தது; ஏட்டைப் புரட்டிப் பார்ப்பார் குறைவு.

நம் பகுதிக்கு இது தொலைவான செய்தியன்று. 2023 டிசம்பர் 26ஆம் நாள், நள்ளிரவு நெருங்கும் வேளையில் எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வீதிக்கு ஓடிவந்தனர். அத்தகைய இரவில், இவர் ஏற்கெனவே ஆஸ்துமாக்காரர், இவருக்கு இன்ன மருந்து ஆகாது என்று புதிய மருத்துவருக்கு யார் சொல்வது? இரவில் கொடுத்தது இன்னதென்று மறுநாள் மருத்துவருக்கு எது அறிவிக்கும்? மருந்தின் பெயரும் அளவும் தெளிவாக எழுதிய ஒரு சீட்டுத்தான். அச்சீட்டை எழுதுவது பெருஞ்செலவன்று. மாதந்தோறும் ஓர் அதிகாரி வந்து, இருபது சீட்டுகளையேனும் எடுத்துப் படிப்பதும் அப்படித்தான்.

இப்போது ஒரு சிறு நோட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. முதற்பக்கத்தில் மனைவிக்கு ஆகாத மருந்துகளின் பெயரைச் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். சென்ற மாதம் மாலை மையமொன்றுக்குச் சென்றிருந்தோம். அங்கிருந்த பெண் மருத்துவர், "ஐயா, அம்மாவுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்ட பிறகே பேனாவை எடுத்தார். நோட்டை வாங்கித் தம் பதிவேட்டில் அப்பெயர்களை எழுதிக்கொண்டு, தாம் கொடுத்த மாத்திரையின் பெயரை என் நோட்டில் எழுதித் தந்தார். மணி ஏழரை இருக்கும். வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தனர்.