ஜாதகக் கணக்கும் ஜீன் கணக்கும்



குண்டிக்காய் என்று நாம் சொல்லுகிற சிறுநீரகத்தில் வரும் புற்றுநோயைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறோம். சென்ற கூட்டத்தில் ஒரு தோழர், "ஜோசியன் ஆயுளைச் சொன்னால் பித்தலாட்டமென்கிறீர்கள்; டாக்டர் ஜீனைப் பார்த்துச் சொன்னால் மட்டும் விஞ்ஞானமா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

உடம்பின் செல்களுக்குள்ளிருக்கும் டி.என்.ஏ. என்னும் இழை ஓயாமல் பழுதாகிக்கொண்டே இருக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பழுதாகிறது. அதைச் செப்பனிடும் ஏற்பாடும் உள்ளேயே இருக்கிறது. அது எப்படி நடக்கிறதென்று கண்டு காட்டிய லிண்டால், மோட்ரிச், சான்ஜார் ஆகிய மூவருக்கும் 2015-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அறுந்த இழையை ஒட்டும் வேலையில் பங்குள்ள ஜீன்களில் பி.ஏ.பி.1 என்பது ஒன்று. சிலருடைய சிறுநீரகக் கட்டியில் இது கெட்டுப்போயிருக்கிறது. வேறு சிலருக்கு பி.பி.ஆர்.எம்.1 என்னும் ஜீன் கெட்டிருக்கிறது. இவை பெரும்பாலும் பிறக்கும்போதே எழுதி வைத்தவையல்ல. பிற்பாடு கட்டியில் நேர்ந்த கேடுகளாகும்.

அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து டாக்டர்கள் 145 பேருடைய கட்டிகளைச் சோதித்து 2013-ல் கணக்கு வெளியிட்டார்கள். முதல் ஜீன் கெட்டவர்களில் பாதிப்பேர் 4.6 வருஷத்துக்கு மேலும், இரண்டாவது கெட்டவர்களில் பாதிப்பேர் 10.6 வருஷத்துக்கு மேலும் உயிரோடிருந்தார்கள். அதோடு விட்டார்களா? இல்லை. வேறொரு கூட்டத்து நோயாளிகளின் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். அங்கே 1.9 வருஷம், 5.4 வருஷம் என்று வந்தது. வருஷங்கள் ஒத்துவரவில்லை, ஆனால் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் இரண்டிடத்திலும் நின்றது. ஒத்துவராத எண்ணையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். தப்பிப்போன ஜாதகங்களின் கணக்கை எந்த ஜோசியராவது அச்சிட்டு நாம் பார்த்ததுண்டா?

மேலும், "நீ இன்ன தேதியில் சாவாய்" என்று இந்தக் கணக்கு யாருக்கும் சொல்லவில்லை. யாரை அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்கவேண்டுமென்று டாக்டருக்கு ஒரு துணை, அவ்வளவே. கட்டி எவ்வளவு பெரிது, எங்கே பரவியிருக்கிறது என்பதுதான் இன்றும் முதல் விசாரணை.

நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சிறுநீரில் இரத்தம் கண்டார். வலியில்லை. சனி தசையென்று யாரோ சொல்ல, எட்டு மாதம் எள் விளக்கேற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நுரையீரல் வரையில் பரவியிருந்தது. உங்களில் யாருக்காவது அப்படி இரத்தம் கண்டால், வலியில்லையே என்று இராமல், மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.