எஞ்சினுக்கு முன்னால் பிரேக்



யாழ்ப்பாணத் தீவகத்துக்கும் நம் தோட்டத்துக்கும் பொதுவானது சுமை. அங்கே மீனும் தண்ணீரும். இங்கே கொழுந்தும் விறகும். பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்றில் சுமையோடு சைக்கிள் மிதிப்பவருக்குச் சிறிய எஞ்சின் ஒன்று பெரிய உதவிதான்.

நம் மக்கள் கைவேலைக்குச் சளைத்தவர்கள் அல்ல. 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, யாழ்ப்பாணத்தார் சில துளி பெட்ரோலில் மோட்டார் சைக்கிளை இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சென்னையிலே மூன்று சில்லு மிதிவண்டியில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பூட்டி ‘மீன்பாடி வண்டி’ செய்தார்கள்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 10 கிலோமீற்றரில் மிதித்த வண்டி 30இல் ஓடினால் வேகம் 3 மடங்கு. அதே பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிற்க 9 மடங்கு தூரம் வேண்டும். சைக்கிள் பிரேக் கட்டை அதற்காகச் செய்ததல்ல. இரண்டு சில்லு சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்பும். மூன்று சில்லு சாயாது, வேகமாகத் திருப்பினால் கவிழும். தீவின் சமதரையிலேயே இந்த நிலை என்றால், நம் மலை இறக்கத்தில் என்ன ஆகும்?

ஆகவே முதலில் மூன்று சில்லுக்கும் உறுதியான பிரேக், பிறகுதான் எஞ்சின். பதிவும் காப்புறுதியும் இல்லாத வண்டி மோதினால் நட்டம் முழுவதும் ஓட்டியவர் குடும்பத்தின் தலையில் விழும்.

இன்னொன்று. வீட்டுச் சுமைக்கு வண்டி செய்வது நம் விருப்பம். தோட்டத்துச் சுமைக்குப் பாதுகாப்பான வாகனம் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்கத்தான் சங்கம் இருக்கிறது.