அடுத்த மட்டை எது?

(தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான விளையாட்டுப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உடற்கல்வி ஆசிரியர்கள் நிறைந்திருக்கும் அரங்கில் ஓர் இயற்பியல் ஆசிரியனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். எங்கள் பள்ளியில் ஒரே ஓர் உடற்கல்வி ஆசிரியர்தான். கபடி, கோ-கோ, தடகளம் எல்லாம் அவர் தலையில். மேசைப்பந்து மேசை ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் கிடந்ததால் அது என் பொறுப்புக்கு வந்து சேர்ந்தது. பி.எட். வகுப்பில் மட்டையைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகளோடு நின்று பார்த்ததையும் விதிப்புத்தகத்தில் படித்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

ஆடத் தொடங்கி ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆன பிள்ளை ஒருநாள் வந்து நிற்கும். "சார், வேற பேட் வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கட்டும்?" நகரத்தில் பயிற்சி மையத்துக்குப் போகிற பிள்ளைக்குப் பதில் சொல்லப் பயிற்சியாளர் இருக்கிறார். நம் பிள்ளைக்கு நாம்தான். அந்த வீட்டில் இந்தச் செலவு ஒருமுறைதான் நடக்கும். சரியில்லாத மட்டை வந்து சேர்ந்தால் அடுத்த இரண்டு ஆண்டும் அதோடுதான் ஆட வேண்டும். பாதிப் பிள்ளைகள் அந்த இரண்டு ஆண்டில் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். தங்களுக்குத்தான் ஆட வரவில்லை என்று நினைத்துக்கொண்டு விடுகிறார்கள். மட்டையின் மேல் அவர்களுக்குச் சந்தேகமே வராது.

முதலில், நேரம் வந்துவிட்டதா என்று பாருங்கள். எதிரே நிற்பவரோடு ஃபோர்ஹேண்டில் இருபது முறை விடாமல் ஆட முடிகிறதா? புஷ் போடும்போது பந்து தாழ்வாகப் போகிறதா? டாப் ஸ்பின் போட முயலும்போது, கை சரியாக மேலேறியும் பந்து வழுக்கிக்கொண்டு வலையில் விழுகிறதா? மூன்றாவதற்கு ஆம் என்றால் அந்தப் பிள்ளைக்குக் கை வந்துவிட்டது, மட்டைதான் வரவில்லை. முதல் இரண்டுக்கே இல்லை என்றால் பழைய மட்டையே போதும்.

பழைய மட்டை என்பது பெரும்பாலும் கடையில் உறையோடு கிடைக்கும் ஆயத்த மட்டை. அதன்மேல் மூன்று நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த நட்சத்திரங்கள் சர்வதேசக் கூட்டமைப்பு தருவதல்ல, நிறுவனமே தனக்குப் போட்டுக்கொள்வது. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ரப்பர்மேல் பந்தை வைத்து, உள்ளங்கையால் லேசாக அழுத்தி நகர்த்துங்கள். ரப்பர் பந்தைப் பிடித்து இழுக்க வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பின்மேல் நகர்வதுபோல் நழுவினால், அதில் எவ்வளவு பயிற்சி செய்தாலும் சுழற்சி வராது. உராய்வு இல்லாமல் சுழற்சி இல்லை, அவ்வளவுதான் விஷயம். பந்தின் விட்டம் 2000-ஆம் ஆண்டில் 38 மி.மீ.யிலிருந்து 40 ஆனது. 2014 முதல் செல்லுலாய்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பந்து வந்தது. இரண்டுமே சுழற்சியைக் குறைத்த மாற்றங்கள். அதனால் ரப்பரின் பிடிப்பு முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

அடுத்து வருவதுதான் பெரிய குழி. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நன்றாக ஆடினாள். அவள் அப்பா கட்டட வேலை செய்பவர். மகளுக்குக் குறை வைக்கக் கூடாது என்று நகரத்துக்குப் போய், கடைக்காரர் "இதுதான் டாப்பு" என்று எடுத்துக் கொடுத்த கார்பன் மட்டையை வாங்கி வந்துவிட்டார். பல நாள் கூலி அது. மறுநாளே அவள் அடித்த பந்தெல்லாம் மேசையைத் தாண்டிப் போனது. ஒரு மாதத்தில் அவள் கையை வீசவே பயந்து, பந்தைத் தொட்டு மட்டும் விட ஆரம்பித்தாள். அடிக்கக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளை அடிப்பதையே மறந்துவிட்டாள். அந்தப் பலகையை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, ஐந்து அடுக்கு மரப் பலகை ஒன்றில் சாதாரண ரப்பர் ஒட்டிக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் கை திரும்பி வந்தது. இப்போது பத்தாம் வகுப்பு. அந்தக் கார்பன் பலகையை இனிமேல்தான் எடுக்கப் போகிறாள்.

ஏன் அப்படி ஆயிற்று? பந்து மட்டையைத் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விறைப்பான பலகையில் அதுவும் குறையும், பந்து வேகமாகத் தெறிக்கும். தேர்ந்த ஆட்டக்காரரின் கை அதற்குப் பழகியது. பதின்மூன்று வயதுக் கை பந்தை இன்னும் உணரக் கற்றுக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் சரத் கமலின் மட்டை வேண்டும் என்பார்கள். சென்னைக்காரர், 2006-இல் மெல்போர்னிலும் 2022-இல் பர்மிங்காமிலும் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்றவர். ஆசை வருவது நியாயம். அந்தப் பதினாறு ஆண்டு இடைவெளியை அவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அவர் கையில் இருப்பது அத்தனை காலப் பயிற்சிக்குப் பொருந்தும் மட்டை.

சரி, எதை வாங்குவது? ரப்பர் ஒட்டாத வெறும் மரப் பலகையைப் பிளேடு என்கிறார்கள். பிளேடு தனி, இரண்டு ரப்பர் தனி என்று வாங்கி ஒட்டிக்கொள்வதுதான் வளரும் ஆட்டக்காரருக்கு ஏற்றது. ரப்பர் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆயத்த மட்டையில் ரப்பரை உரித்தால் பல சமயம் மரமும் சேர்ந்து வரும்.

பிளேடின் தடிமனில் 85 விழுக்காடாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது விதி. வடிவம், அளவு, எடை எதற்கும் விதி கிடையாது. தட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் போதும். மரத்தை மெல்லிய தகடுகளாக அடுக்கி ஒட்டுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ஐந்து அடுக்கு போதும். ஏழு அடுக்கு பொதுவாக விறைப்பும் வேகமும் கூடியது. பெட்டியில் 'ஆல்ரவுண்ட்' என்றோ 'ஆல் பிளஸ்' என்றோ போட்டிருப்பதை எடுங்கள், 'ஆஃப்' என்று தொடங்குவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஸ்டிகா நிறுவனத்தின் ஆல்ரவுண்ட் கிளாசிக் பல பத்தாண்டுகளாக இந்த வகைக்கு அளவுகோல்போல இருந்து வருகிறது. அதையே வாங்க வேண்டும் என்பதில்லை. நம் நாட்டு ஸ்டாக், ஜி.கே.ஐ. நிறுவனங்களின் ஐந்து அடுக்குப் பலகைகளையும் கையில் எடுத்துப் பாருங்கள். வேகம் இத்தனை, கட்டுப்பாடு இத்தனை என்று பெட்டியில் எண் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் போடும் எண் அது. ஒரு நிறுவனத்தின் 80-ஐ இன்னொன்றின் 80-ஓடு ஒப்பிடுவது, நம் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வேறு பள்ளியின் வகுப்புத் தேர்வோடு ஒப்பிடுவது மாதிரி.

எடையை யாரும் பார்ப்பதில்லை. பிளேடு 80 முதல் 85 கிராம், வெட்டிய ரப்பர் ஒவ்வொன்றும் 45 கிராம் அளவில் என்றால் மொத்தம் 170-ஐ ஒட்டி வரும். உயர்நிலை வகுப்புப் பிள்ளைக்கு இது சரி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்கும் கீழே இருந்தால் நல்லது. 190-ஐத் தொட்டால் பேக்ஹேண்டிலிருந்து ஃபோர்ஹேண்டுக்கு வருவதற்குள் பந்து கடந்துவிடும். மணிக்கட்டு வலிக்கிறது என்று பிள்ளை சொல்வதற்கு முன்பே மட்டையை ஆய்வகத் தராசில் வைத்துப் பாருங்கள். ஆய்வகம் பக்கத்தில் இருப்பதில் எனக்கு இப்படி ஒரு வசதி.

கைப்பிடி அடியில் விரிந்ததாக இருந்தால் பெரும்பாலோர்க்குப் பொருந்தும். பிடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இனி ரப்பர். இங்கே கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் நாட்டில் நடந்தது. 1952-இல் பம்பாயில் உலகப் போட்டி. அதுவரை மட்டை என்றால் மரத்தின்மேல் புள்ளிகள் கொண்ட மெல்லிய ரப்பர்தான். ஜப்பானின் ஹிரோஜி சாடோ தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்தார். பந்து படும் சத்தமே கேட்கவில்லை. சத்தத்தை வைத்து அடியின் வேகத்தைக் கணித்துப் பழகியவர்கள் திணறிப் போனார்கள். ஒற்றையர் பட்டத்தை அவர் கொண்டுபோனார். அதன்பின் எழுந்த வாதங்கள் 1959-இல் தடிமனுக்கு வரம்பு வைத்ததில் முடிந்தன. இன்று ஸ்பாஞ்சும் ரப்பரும் பசையும் சேர்த்து 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

கடையில் ஸ்பாஞ்சின் தடிமனை மட்டும் சொல்வார்கள்: 1.5, 1.8, 2.0, 'மேக்ஸ்'. தடிமன் கூடினால் வேகமும் சுழற்சியும் கூடும், கட்டுப்பாடு குறையும். முதல் முறை மாற்றும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் 1.8 என்பது என் கணக்கு. ஃபோர்ஹேண்டில் அடித்து ஆடும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் மட்டும் 2.0 தரலாம். யசாகா மார்க் 5, பட்டர்ஃபிளை ஸ்ரைவர் போன்ற பழைய, அடக்கமான ரப்பர்களின் வழியில் வந்தவை இந்தக் கட்டத்துக்குப் பொருந்தும். பரிசோதனைக்காக இரண்டு பக்கமும் வேறு வேறு வகையாக ஒட்டாதீர்கள்.

மணிகா பத்ரா 2018 காமன்வெல்த்தில் தங்கம் வென்றதிலிருந்து 'லாங் பிம்பிள்' கேட்டு வரும் பெற்றோர் உண்டு. அவர் பேக்ஹேண்டில் வைத்திருப்பது அதுதான். நீண்ட புள்ளிகள் எதிராளியின் சுழற்சியை அவருக்கே திருப்பி அனுப்பும். குறுவட்டப் போட்டியில் உடனே நாலு ஆட்டம் ஜெயித்துத் தரும். ஆனால் பேக்ஹேண்டில் டாப் ஸ்பின் கற்காத பிள்ளைக்கு அதைக் கொடுத்தால், பிறகு அதைக் கற்கவே கற்காது. இதில் சில பயிற்சியாளர்கள் என்னோடு உடன்பட மாட்டார்கள். இருக்கட்டும்.

போட்டிக்கு முன் பார்க்க வேண்டியவை: ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு, அல்லது 2021 முதல் அனுமதிக்கப்பட்ட நீலம், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா ஆகியவற்றில் ஒன்று. கைப்பிடிக்கு அருகே ரப்பரில் சர்வதேசக் கூட்டமைப்பின் முத்திரை தெரிய வேண்டும். ஒரே நிறத்தில் இரண்டு வகை ரப்பர் ஒட்டி, மட்டையைச் சுழற்றி எதிராளியை ஏமாற்றியதால்தான் 1980-களில் இந்த இரண்டு நிற விதி வந்தது. இரண்டு பக்கமும் சிவப்பாக உள்ள மலிவு மட்டையோடு போட்டிக்குப் போய், ஆட வேறு மட்டை தேடி அலைந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

ஒட்டுவது பற்றி ஒரு வார்த்தை. 1970-களில் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் சைக்கிள் டியூப் ஒட்டும் பசையைப் பூசினால் ரப்பர் துள்ளுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த வகை ஆவியாகும் பசைகள் உடல்நலம் கருதி 2008-இல் தடை செய்யப்பட்டன. நம் பிள்ளைகள் இன்றும் பஞ்சர் கடையில் சொல்யூஷன் வாங்கிவந்து மூடிய அறையில் ஒட்டுகிறார்கள். அதை நிறுத்துங்கள். நீரில் கலந்த மட்டைப் பசை கிடைக்கிறது. ரப்பருக்கும் பலகைக்கும் மெல்லிசாகப் பூசி, வெண்மை மறைந்து தெளிவாகும் வரை காயவிட்டு, அடியிலிருந்து மேலாக உருட்டி ஒட்டி, ஓரத்தைக் கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். கத்தியை மட்டும் நீங்கள் பிடியுங்கள்.

செலவுக்கு வருகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கெனத் தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000, நடுநிலைக்கு ரூ.10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு ரூ.25,000 வரை இடம் இருக்கிறது. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத்தான். அதில் மேசைப்பந்துக்கு ஒதுங்கும் பங்கில் பத்து ஆயத்த மட்டை வாங்குவதைவிட, ஆறு ஆயத்த மட்டையும் வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு நல்ல பிளேடும் வாங்குவது நல்லது. பிளேடு பள்ளிச் சொத்தாக நின்றுவிடும். அடுத்தடுத்த ஆண்டு ரப்பர் மட்டும் மாற்றினால் போதும். சொந்த மட்டை வாங்கப்போகும் பிள்ளை, பெற்றோர் பணம் கொடுப்பதற்கு முன் அதில் ஒரு மாதம் ஆடிப் பார்க்கலாம்.

கடைசியாகப் பராமரிப்பு. ஆடி முடித்ததும் ஈரப் பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் பிளாஸ்டிக் தாளால் மூடி உறையில் வையுங்கள். வண்டிப் பெட்டியிலும் ஜன்னலோரத்திலும் வைத்தால் நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். ஓரத்துக்கு நாடா ஒட்டுங்கள், பிள்ளைகள் மேசையில் இடிக்காமல் ஆடுவதில்லை. தினம் ஒரு மணி நேரம் ஆடும் பிள்ளையின் ரப்பர் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். ஒட்டிய தேதியைக் கைப்பிடியில் பென்சிலால் எழுதிவிடுங்கள். நடுவில் ரப்பர் மங்கி வழவழப்பானால், முன்பு சொன்ன பந்துச் சோதனையைச் செய்து பார்த்து மாற்றிவிடலாம். கழற்றிய பழைய ரப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறாம் வகுப்பில் புதிதாக வருகிறவர்களின் மட்டைக்கு அது இன்னும் ஓராண்டு உழைக்கும்.