பந்தியிலிருந்து எழுந்தவர்கள்



மனிதருக்கு அஞ்சும் அச்சம் கிறிஸ்தவக் கீழ்ப்படிதலுக்கு எப்படித் தடையாகிறது என்பதே இந்தக் கருத்தரங்கின் பொருள். இதைக் கேட்டதும் இரவில் இயேசுவைத் தேடி வந்த நிக்கொதேமுவும், சீஷன் என்பதை வெளியே சொல்லாதிருந்த அரிமத்தியா யோசேப்பும் நினைவுக்கு வருவார்கள். அவர்களைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். நான் பேச விரும்புவது தைரியசாலிகளின் அச்சத்தைப் பற்றி.

பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமில் ஆலோசனைச் சங்கத்தார் மிரட்டியபோது அவர் அசையவில்லை. கொர்நேலியுவின் வீட்டுக்குப் போனதற்காகச் சபையில் கேள்வி எழுந்தபோதும் எழுந்து நின்று பதில் சொன்னார். அப்படிப்பட்டவர் அந்தியோகியாவில், யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், புறஜாதி விசுவாசிகளோடு உண்டுகொண்டிருந்த பந்தியை விட்டு விலகினார். கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் அதன் காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறார்: பயம். வந்தவர்கள் கையில் வாள் இல்லை, சிறைச்சாவியும் இல்லை. சொந்தச் சபையார்தான். பகைவருக்கு அஞ்சாதவர் தன்னவர்களுக்கு அஞ்சினார். அவர் பின்னாலேயே மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள். பர்னபாவும் இழுபட்டுப் போனார். மூத்தவர் ஒருவரின் அச்சம் சபையின் வழக்கமாக மாற அதிக நாள் பிடிக்கவில்லை.

நம் கடற்கரையிலும் இது நடந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க், டேனிஷ் கோட்டைத் தளபதியோடு முரண்பட்டு, 1708இல் சிறைப்பட்டு நான்கு மாதம் கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். அதிகாரத்துக்கு வளையாத மிஷன் அவருடையது. அதன் அச்சகத்தில் 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் வெளிவந்தன. கத்தோலிக்கராகப் பிறந்து தஞ்சாவூர் அரசரின் படையில் இருந்த இராஜநாயக்கன் அந்த நூலை வாசித்துத் தரங்கம்பாடிச் சபைக்கு வந்தார். உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் எதிர்ப்புகளுக்கு நடுவே சபைகளை வளர்த்தார்.

1733இல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். அடுத்தது யார் என்ற கேள்வி எழுந்தபோது இராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. ஆனால் அவர் பறையர் சமூகத்தவர். அவர் கையிலிருந்து இராப்போஜனம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் மனம் ஒப்பமாட்டார்கள், திருவிருந்தின் மேலுள்ள மதிப்பே குறைந்துபோகும் என்று மிஷனரிமார் தயங்கினார்கள். அவருக்குப் பதிலாக 1741இல் தியோகு என்பவர் குருப்பட்டம் பெற்றார். இராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அந்த மிஷனரிமாரைக் கொடியவர்களாகக் காட்ட நான் விரும்பவில்லை. சபை உடையாமல் காக்கிறோம் என்றுதான் அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் என்னை உறுத்துகிறது. பொறுப்பு, முதிர்ச்சி, பலவீனருக்கு இடறல் உண்டாக்காமை என்ற நல்ல பெயர்களோடு இந்த அச்சம் கமிட்டி அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது அச்சம் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

பவுலும் விட்டுக்கொடுத்தவர்தானே என்று இங்குள்ள வேதாகம அறிஞர்கள் கேட்கலாம். சகோதரனுக்கு இடறலானால் இறைச்சியே வேண்டாம் என்றவர் அவர். அன்பினால் இணங்குவதையும் அச்சத்தினால் பின்வாங்குவதையும் எப்படிப் பிரித்தறிவது? விலை கொடுப்பவர் யார் என்று பார்க்கச் சொல்வேன். பவுல் இறைச்சியை விட்டால் இழப்பு பவுலுக்கு. பேதுரு பந்தியை விட்டபோது இழந்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த புறஜாதி விசுவாசி. தரங்கம்பாடியில் சபையின் அமைதிக்கு விலை கொடுத்தவர் இராஜநாயக்கன். தீமோத்தேயுவின் விருத்தசேதனம் இந்த அளவுகோலுக்கு அத்தனை எளிதில் அடங்காது; பிற்பகல் கட்டுரை ஒன்று அதை எடுத்துக்கொள்கிறது.

தரங்கம்பாடி மிஷனரிமார் அஞ்சியது வீண் கற்பனை என்றும் சொல்ல முடியாது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று மடல் எழுதியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நாம் அஞ்சும்போது, பல சமயம் அந்த நாலு பேர் சொல்லத்தான் செய்வார்கள். கோபித்துக்கொண்டு போகவும் செய்வார்கள். அதைத் தெரிந்துகொண்டே செய்ய வேண்டியதுதான் கீழ்ப்படிதல்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். யாருக்குக் குருப்பட்டம் கொடுத்தோம் என்பது சபைப் பதிவேட்டில் இருக்கும். யாருக்குக் கொடுக்கவில்லை, யார் மனம் கோணும் என்று அஞ்சினோம் என்பதைக் கடிதங்களிலும் கமிட்டிக் குறிப்புகளிலும்தான் தேட வேண்டும். பழைய காகிதங்களோடு நின்றுவிடாதீர்கள். ஒரு சேகரத்துக்குப் போதகரை அனுப்பும்போதும், கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கும்போதும் இன்று நாம் போடும் கணக்கையும் எழுதுங்கள். அதில் எங்கள் தலைமுறை சங்கடப்பட்டால் படட்டும்.

முதல் அமர்வு கலாத்தியர் நிருபத்தில் தொடங்குகிறது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.