வேலையோடு வேலையாக ஒரு மன்றாட்டு

(நம் பங்கின் பொன்விழாவுக்கு முந்திய மூன்று நாள் ஆயத்த வழிபாட்டில், செப அப்போஸ்தலர் சபையின் சார்பில் ஆற்றிய உரை)



பிறருக்காக மன்றாடுவதைப் பற்றிப் பேசும்படி எங்கள் சபையைப் பணித்திருக்கிறார்கள். மன்றாட வேண்டும் என்பதை இங்கே யாரும் மறுக்கப் போவதில்லை. ஞாயிறு திருப்பலியில் விசுவாசிகளின் மன்றாட்டுக்கு எல்லோரும் வாய்திறந்து பதில் சொல்கிறோம். திங்கட்கிழமை காலையில்தான் சிக்கல். "எங்கே நேரம் இருக்கிறது?" என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இதைச் சோம்பேறியின் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. நம் பங்கில் உப்பளத்துக்குப் போகும் பெண்கள் கோழி கூவுமுன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கியாக வேண்டும். கடலுக்குப் போகிறவர்களுக்கோ காற்றும் மீனும் சொல்கிற நேரந்தான் நேரம். திருவிழா நெருங்கினால் தையற்காரருக்குத் தூக்கமே கிடையாது. இவர்களிடம் போய், தினமும் இன்னும் அரைமணி நேரம் முழங்காலில் இருங்கள் என்று சொல்வது நியாயமன்று. கையில் இருக்கும் வேலையையே பிறருக்கான மன்றாட்டாக ஒப்புக்கொடுக்கலாம் என்பதைத்தான் நாங்கள் சொல்ல வந்திருக்கிறோம்.

எங்கள் சபை பிறந்ததே இப்படித்தான். பிரான்சு நாட்டில் வால்ஸ் என்னும் ஊரில் சேசு சபை இளம் துறவிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டுகளில் பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் நம்முடைய மதுரை மிஷனில் மீண்டும் பணி தொடங்கியிருந்தார்கள். வாந்திபேதியில் பலர் இளவயதிலேயே மடிந்தார்கள். வால்ஸில் இருந்த இளைஞர்களுக்கோ உடனே கப்பலேறிவிட வேண்டும் என்ற துடிப்பு. பாடப்புத்தகத்தில் மனம் ஒட்டவில்லை. 1844 டிசம்பர் 3, புனித சவேரியார் திருநாள். தந்தை கோத்ரெலே அவர்களைக் கூட்டி, நீங்கள் இப்போதே அப்போஸ்தலர்களாகலாம் என்றார். படிப்பையும் களைப்பையும் அன்றாடக் கடமையையும், தூரதேசத்தில் உழைப்பவர்களுக்காகக் காலையிலேயே ஒப்புக்கொடுத்துவிடுங்கள் என்பதே அவர் காட்டிய வழி. இன்று திருத்தந்தையின் உலகளாவிய செப வலையமைப்பு என்ற பெயரில் விளங்குவது அதுவே. எங்கோ பாடம் படித்த அந்தப் பிள்ளைகளின் மன்றாட்டில் நம் முன்னோர்களுக்கும் பங்கு இருந்தது என்பதை இந்தப் பொன்விழாவில் நினைத்துப் பார்க்கலாம்.

சவேரியார் பெயரைச் சொன்னோம். 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அந்த மகான், 1546-ல் அம்போய்னா தீவிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தோழர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தோழர்கள் தமக்கு எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் தம் கையால் எழுதிய பெயர்களைக் கத்தரித்தெடுத்து, தம் வார்த்தைப்பாட்டோடு சேர்த்து எப்போதும் உடன் வைத்திருப்பதாக அதில் சொல்லியிருக்கிறார். எல்லோருக்காகவும் வேண்டுகிறேன் என்று சொல்வது சுலபம். அது காற்றோடு போய்விடும். பெயர் வேண்டும்.

பெயருக்கு எங்கே போவது? ஆசிரியர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து தினமும் நாற்பது பெயரைக் கூப்பிடுகிறார்கள். "உள்ளேன் ஐயா" என்று பதில் வராத பெயரில் ஒரு நொடி நின்றால் போதும். அந்தப் பிள்ளை ஏன் வரவில்லையோ! தையற்காரரின் அளவு நோட்டிலும் பெயர்கள் இருக்கின்றன. பொத்தான் தைக்கும்போது அதைப் போடப்போகிறவரை நினைத்துக்கொள்ளலாம். பேருந்து ஓட்டுகிறவருக்கு மட்டும் ஒரு வார்த்தை: நீங்கள் ரயில்வே கேட்டில் நிற்கும்போது செபித்தால் போதும். ஓடும்போது கண் சாலையில் இருக்கட்டும். அதுவே உள்ளே இருப்பவர்களுக்கு நீங்கள் செய்யும் பெரிய மன்றாட்டு.

எங்கள் சபையில் உப்பளத் தொழிலாளியான ஒரு தாய் இருக்கிறார். பாத்தியிலிருந்து உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் தட்ட வேண்டும். கூடை தலையில் ஏறும்போது ஒரு பெயர். தட்டும்போது அந்த மன்றாட்டு முடிந்தது. அவர் கைக்கொண்ட முறை இவ்வளவுதான். முதல் கூடை மகளுக்கு, அடுத்தது பேரனுக்கு, பிறகு வெளியூரில் இருக்கும் மருமகனுக்கு. கூடைகள் தீரவில்லை, சொந்தபந்தம் தீர்ந்துவிட்டது. தெருவிலுள்ளவர்களை எடுத்தார். அதுவும் தீர்ந்து, கடைசியில் வந்து நின்றது பொதுச்சுவர்த் தகராறில் மூன்று ஆண்டுகளாகப் பேச்சு நின்றுபோன பக்கத்து வீட்டுக்காரியின் பெயர். அந்தக் கூடை மட்டும் இரண்டு மடங்கு கனத்ததாம். அரை வழியில் வேறு பெயருக்கு மாற்றிவிடலாமா என்றுகூட நினைத்தாராம். மாற்றவில்லை. சுவர் விவகாரம் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் படுத்தபோது இந்த வீட்டிலிருந்து கஞ்சி போயிற்று. பகைவருக்காக மன்றாடுங்கள் என்ற ஆண்டவரின் கட்டளைக்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வேலை செய்ய முடியாதவர்கள் தங்களை விட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் 24 வயதில் காசநோயால் மெலிந்திருந்தபோது, சிறிது நேரம் தோட்டத்தில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வோர் அடியும் வேதனை. எங்கோ களைத்து நடக்கும் ஒரு வேதபோதகருக்காக அந்த நடையை ஒப்புக்கொடுத்தார். 1897-ல் இறந்த அவரை, மடத்தைவிட்டு வெளியே போகாதவரை, 1927-ல் சவேரியாரோடு சேர்த்து மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாகத் திருச்சபை அறிவித்தது. திண்ணையில் அமர்ந்து செபமாலை உருட்டும் பாட்டிமார்கள் இதை நினைவில் கொள்ளட்டும்.

இனிக் கடினமான ஒன்று. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஓகி புயல் குமரிக் கடலில் சுழன்றடித்தபோது, கடலில் இருந்தவர்களுக்காகக் கரையில் எத்தனை செபமாலைகள்! திரும்பி வந்தவர்கள் உண்டு, வராதவர்களும் உண்டு. வராதவர்களின் வீட்டார் விசுவாசக் குறைவோடு செபித்தார்கள் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழக்கூடாது. ஜெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் கேட்ட பாத்திரமும் அகற்றப்படவில்லை அன்றோ? கேட்டது கிடைத்ததா என்று கணக்குப் பார்ப்பவர் சீக்கிரத்தில் செபத்தை விட்டுவிடுவார். ஆனால் ஒரு பெயரைத் தினமும் சொல்லிவருகிறவருக்கு, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அந்த வீட்டுப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஞாபகத்துக்கு வரும். திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வரும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்று வேண்டிக்கொள்ளவில்லை, கூரையைப் பிரித்தார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 'செபத்துக்காகத்தான் சொல்கிறேன்' என்று தொடங்கி அடுத்த வீட்டுச் சங்கதி அத்தனையையும் அவிழ்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கடவுளுக்கு அந்த விவரம் தெரியும். நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே வரும் முதல் வெள்ளி முதல், திரு இருதய சுரூபத்தின் அடியில் ஒரு நோட்டு வைக்கப்படும். யாருக்காக மன்றாட வேண்டுமோ அவர் பெயரை மட்டும் எழுதுங்கள்; நோயோ கடனோ வழக்கோ எழுத வேண்டாம். திருப்பலி முடிந்து போகும்போது ஆளுக்கொரு பெயரைப் பார்த்து மனத்தில் எடுத்துச் செல்லுங்கள். அந்த வாரத்து வேலையில் அவருக்கு ஒரு பங்கு. எழுதத் தெரியாதவர்கள் உபதேசியாரிடம் சொன்னால் அவர் எழுதிவிடுவார்.